அசையாத தண்ணீரில் அறுந்த கயிறு

ஜனவரி 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணனும் நானும் சௌக்கியம். உன் இருமல் நின்றதா, இல்லை இன்னும் உங்கள் ஆய்வுக்கூடத்து ஈரத்தரையில் செருப்பில்லாமல்தான் நடக்கிறாயா? போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் உன் அண்ணன் பக்கத்தில் நின்று நான் சொல்வதில் பாதியைத் திருத்துவார், மீதிப் பாதியை அவரே சொல்லிவிடுவார். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். போன வாரம் ஒருநாள் காலையில் படகைத் துறையில் கட்டிவிட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். காற்று இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. பாதிப் பேர் ஏறியிருப்பார்கள், முன்கயிறு படீரென்று அறுந்தது. படகு தன்பாட்டில் பின்னால் ஓடியது. ஏறுபலகை சரிந்து, கடைத்தெருத் தையல்காரர் கீழே விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லையே என்று எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள். மிஷின் மிதிக்கிற கால் அது. எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

துறைமுகத்தின் உள்பக்கத்தில் புதுச் சுவர் எழும்பிய பிறகு இப்படிக் கயிறு அறுவது முதல் தடவை இல்லை. முன்பெல்லாம் கயிறு பழசு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். இந்தத் தடவை கயிறு புத்தம் புதுசு. அதனால் பழி கட்டியவள் தலையில் விழுந்துவிட்டது. "துறைமுகத்துலதான் சார் ஏதோ கோளாறு" என்று துறைமுக மேனேஜரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கு கேப்டன்" என்றார். படகு கட்டும் இடத்திலேயே நீர்மட்டக் கருவி ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அது வரைந்த தாளை எடுத்துக் காட்டினார். காலை முழுவதும் ஒரே நேர்கோடு. "தண்ணி ஒரு விரல்கூட ஏறல, இறங்கல. அப்புறம் படகைத் தள்ளினது யாரு, பேயா?"

ஏப்ரலில் துறைமுக வாரியம் கூடி விசாரிக்கிறது. என் லைசென்ஸ் இருக்குமா போகுமா என்பது அன்றைக்குத் தெரியும்.

நீ தொட்டி கட்டி அதில் அலை எழுப்பிச் சம்பளம் வாங்குகிறவள். உன்னைக் கேட்கிறேன், சொல். தண்ணீர் அசையாமல் படகு அசையுமா?

மற்றபடி படகு தினமும் நேரத்துக்குப் போய்வருகிறது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


ஜனவரி 19

அன்புள்ள அண்ணி,

இருமல் போய்விட்டது, செருப்பு இன்னும் வரவில்லை. நீங்கள் சாப்பிடாமல் கிடந்தால் தையல்காரர் கால் கூடிவிடாது. முதலில் சாப்பிடுங்கள், பிறகு படியுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில்: அசையும். நன்றாகவே அசையும்.

அலை வருகிறது என்றால் தண்ணீரே கிளம்பி வருகிறது என்று நினைக்கிறோம். தண்ணீர் கொஞ்சம் ஏறி, இறங்கி, முன்னே பின்னே போய்விட்டுத் தன் இடத்துக்கே திரும்பிவிடும். ஊர் சுற்றுவது அசைவு மட்டும்தான். தெருவில் வம்பு பரவும்போது ஆட்கள் அவரவர் வாசலில்தானே நிற்கிறார்கள், அதுபோல.

இப்போது அந்த அசைவு ஒரு செங்குத்துச் சுவரில் மோதுகிறது. சுவர் அதை விழுங்காது, அப்படியே திருப்பி அனுப்பும். வருவதும் போவதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் நிலை அலை என்ற ஒன்று உண்டாகும். வீட்டிலேயே பார்க்கலாம். துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். மறுமுனையைப் பிடித்து ஆட்டுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கயிறு வயிறு வயிறாகப் பிரிந்து ஆடும். வயிறுகளுக்கு நடுவே சில இடங்கள் அசையாமல் நிற்கும். அதற்குக் கணு என்று பெயர்.

கயிற்றுக்கும் தண்ணீருக்கும் இரண்டு வித்தியாசம் உண்டு. கயிறு முடிச்சில் அசையாது, தண்ணீரோ சுவரோரம்தான் அதிகம் ஏறி இறங்கும். இன்னொன்றுதான் சூட்சுமம். தண்ணீரின் கணுவில் மட்டம் ஏறாது, இறங்காது. ஆனால் இந்தப் பக்க வயிறு நிரம்ப வேண்டுமென்றால் அந்தப் பக்கத் தண்ணீர் கணுவைத் தாண்டித்தான் வரவேண்டும். அதனால் கணுவில் தண்ணீர் மேலே பார்க்கச் சாதுவாகவும் பக்கவாட்டில் ஓட்டமுமாக இருக்கும். அங்கே கட்டிய படகை அது முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

வெகுதூரத்துப் புயலிலிருந்து கிளம்பும் நீண்ட அலைகள் உங்கள் துறைமுகத்துக்குள் வரலாம். உயரம் சாண்கூட இருக்காது, நீளமோ துறைமுகத்தைவிட அதிகம். கண் அதை அலை என்றே ஒப்புக்கொள்ளாது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் ஒரு விரலால் தள்ளினாலே எவ்வளவு உயரம் போகிறது. துறைமுகத்துக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு.

இதெல்லாம் என் ஊகம்தான். நீங்கள் இரண்டு இடம் பாருங்கள். படகுத்துறையில் மிதக்கும் குப்பை என்ன செய்கிறது? உள்சுவரோரம் தண்ணீர் என்ன செய்கிறது? இன்னொரு சேதி, அந்தச் சுவர் கட்டுமுன் உங்கள் துறைமுகத்தின் மாடலை எங்கள் கூடத்தில்தான் செய்து பார்த்தார்களாம். நான் வேலைக்குச் சேருமுன் நடந்தது. சிமெண்ட் மாடல் இன்னும் தொட்டியில் கிடக்கிறது. தண்ணீர் விட்டுப் பார்க்கிறேன்.

அண்ணனின் தொப்பையை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் வாயாடி


பிப்ரவரி 2

என் வாயாடிக்கு,

உன் அண்ணனின் தொப்பை மிகவும் நலம். மற்றவர்கள்தான் சுமாராக இருக்கிறோம்.

கயிற்றுச் சோதனை நடந்தது. நான் ஆட்ட, உன் அண்ணன் மேற்பார்வை பார்த்தார். "இன்னும் வேகமா ஆட்டு, இன்னும் வேகமா" என்று விரட்டி, கடைசியில் கயிறு சுழன்று போய்ச் சுவர்க் கடிகாரத்தை இழுத்துக் கீழே போட்டது. ஆனால் அதற்கு முன் வயிறும் கணுவும் நன்றாகத் தெரிந்தன. கணுவில் விரலை வைத்தேன், கயிறு கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

நீ சொன்ன இரண்டையும் பார்த்தேன். படகுத்துறையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மிதந்துகொண்டிருந்தது. அது மெதுவாகப் படகின் முன்முனையிலிருந்து பின்முனைவரை போகிறது, நிற்கிறது, மறுபடி முன்னால் வருகிறது. காலையிலிருந்து இதே வேலை. காற்றே இல்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் விசேஷம். டிக்கெட் கவுண்டர் உள்சுவர் மூலையில் இருக்கிறது அல்லவா, அதன் ஜன்னலுக்கு நேர்கீழே தண்ணீருக்குள் இறங்கும் படிகள். மூன்றாவது படி காய்ந்திருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி அதை மூடும், பிறகு பூனைபோல் இறங்கிவிடும். ஏற இறங்க ஏறக்குறைய அரை நிமிடம். முந்தாநாளும் அப்படித்தான், நேற்றும் அப்படித்தான். காலைக் கூட்டம் ஓய்ந்தபின் நன்றாகத் தெரிகிறது. மத்தியானப் படகு கிளம்பிப் போனபின் இன்னும் நன்றாகத் தெரிகிறது. நுரை இல்லை, சத்தம் இல்லை. இருபது வருடம் படகு ஓட்டியவள், இதை நான் பார்த்ததே இல்லை.

உன் மாடல் என்ன சொல்கிறது? எழுது. வெயிலில் அலையாதே.

உன் அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணி,

நான் நலம். நீங்கள் சுமார் என்று மட்டும் எழுதியதை நான் நம்பவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டில் ஓடுகிறது, படி நனைகிறது. ஓரிடம் கணு, ஓரிடம் வயிறு. இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. மேனேஜர் கருவியைக் கொண்டுபோய்ச் சரியாகக் கணுவில் நட்டுவைத்திருக்கிறார். அது நேர்கோடு வரையாமல் வேறென்ன வரையும்?

இனி மற்றது. மத்தியானப் படகு கிளம்பிப் போனபின் படி நன்றாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படகு கிளம்பிப் போனால் அதன் கேப்டன் அதோடு போகவேண்டாமா? காலை முழுவதும் கவுண்டர் ஜன்னலில் உட்கார்ந்து படியைப் பார்க்க ஒரு கேப்டனுக்கு ஏது நேரம்? அண்ணியிடம் இப்படிக் கேட்பது மரியாதையில்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். லைசென்ஸ் ஏப்ரலில் போகுமா என்றீர்களே, அது ஏற்கெனவே போய்விட்டதா?

மாடலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் பதில் எழுதாவிட்டால் அண்ணனுக்குப் போன் போடுவேன். அவருக்கு ரகசியம் காக்கத் தெரியாது.

உங்கள் வாயாடி


பிப்ரவரி 17

நாத்தனாருக்கு,

சௌக்கியத்துக்குக் குறைவில்லை.

ஆமாம். அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள். தையல்காரரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினேன், மேனேஜர் கையை நீட்டினார், கொடுத்தேன். அதைத் தன் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிக்கொண்டார். விசாரணை முடியும்வரை டிக்கெட் கிழிக்கிறேன். படகை வேறொருவர் ஓட்டுகிறார். நல்ல மனிதர்தான், ஆனால் திருப்பும்போது எஞ்சினை அலறவிடுகிறார். கேட்டால் எனக்குப் பல் கூசுகிறது.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் படகில் ஏறியவர்கள் இப்போது சில்லறையை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கயிற்றை நான் சரியாகத்தான் கட்டினேனா என்று தினமும் மனதுக்குள் கட்டிக் கட்டிப் பார்க்கிறேன். உன் கடிதம் வந்த பிறகுதான் அது நின்றது.

மாடலில் அலை வந்ததும் ஒரு வரி எழுது. காத்திருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே எல்லாரும் நலம். எங்கள் பெரிய சார் புதுக்கண்ணாடி மாற்றியிருக்கிறார், அதைப் போட்டுக்கொண்டு பழைய கண்ணாடியைத் தேடுகிறார். மாடல் கட்டும் மேஸ்திரிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். கூடத்தில் ஒரு குழாய் வெடித்து இரண்டு நாள் வேலை நின்றது.

மாடல் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் சில சோதனைகள் பாக்கி. இந்த மாதிரி விஷயங்களில் அவசரப்படக் கூடாது.

உங்கள் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? கவுண்டரில் வெகுநேரம் ஒரே இடத்தில் உட்காராதீர்கள்.

உங்கள் வாயாடி


மார்ச் 16

நாத்தனாருக்கு,

என் முழங்கால் நன்றாக இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி வந்ததே கிடையாது, அது உன் அண்ணனுக்கு.

உன்னைச் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து பார்க்கிறேன். நல்ல சேதி இருந்தால் உறையைப் பிரிக்குமுன்னே வெளியே குதித்துவிடும். இந்தக் கடிதத்தில் குழாய் வெடித்திருக்கிறது, குழந்தை பிறந்திருக்கிறது, அலை மட்டும் இல்லை. உன் மாடலில் தண்ணீர் அசையவில்லை, அதுதானே? எனக்கு எதிராகத்தான் அது சாட்சி சொல்கிறது. என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

நானும் உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். இப்போது சொல்லிவிடுகிறேன். மேனேஜர் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். என் கவனக்குறைவால் கயிறு அறுந்தது என்று நான் கையெழுத்துப் போட்டால், எச்சரிக்கையோடு விட்டுவிட்டு மறுநாளே லைசென்ஸைத் திருப்பித் தருவாராம். போடாமல் விசாரணைக்குப் போய்த் தோற்றால் லைசென்ஸ் ஒரேயடியாகப் போய்விடும். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். உன் அண்ணன், "ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு நிம்மதியா படகை ஓட்டு" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேனாவைக்கூட அவரே மை நிரப்பி வைத்திருக்கிறார்.

ஆனால் ஒன்று. இன்றைக்கும் மூன்றாவது படி நனைந்தது. நான் கண்ணால் பார்த்தேன். உன் மாடலில் அந்த மூலை காய்ந்து கிடக்கிறதென்றால் என் படி பொய்யா, உன் மாடல் பொய்யா? போய் அந்த மூலையைப் பார். பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுது. கெட்டதாக இருந்தாலும் தாங்குவேன்.

அண்ணி


மார்ச் 20

அண்ணி, கையெழுத்துப் போடாதீர்கள்.

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். நீங்கள் சொன்னது சரி. மூன்று வாரமாக எத்தனை விதமான அலை விட்டாலும் மாடல் துறைமுகம் தூங்கியது. அதை உங்களுக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன். உங்கள் கடிதம் வந்ததும் நேராகத் தொட்டிக்குள் இறங்கி அந்த மூலைக்குப் போனேன். தினமும் கடந்துபோகிற மூலைதான். முழங்கால்வரை தண்ணீரில் நின்று வெறித்துப் பார்த்தேன். என் காலடியில் சரளைக்கல் குத்தியது.

எங்கள் கூடத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அலை எந்திரத்தைப் போடுமுன் தொட்டியின் நான்கு ஓரத்திலும் சரளைக்கல்லைச் சரிவாக வாரிக் குவிக்க வேண்டும். தொட்டிச் சுவர் கடலில் கிடையாது. அது அலையைத் திருப்பி அனுப்பினால் சோதனை கெட்டுவிடும். சரிவான கல்லில் ஏறும் அலை இடுக்குகளுக்குள் புகுந்து அலைந்து களைத்துச் செத்துப்போகும். வேலைக்குச் சேர்ந்த முதல்நாளே இதைப் பழக்கிவிடுவார்கள். கை தானாகவே வாரும், யோசிக்காது.

உங்கள் துறைமுகத்தின் மாடல் கொஞ்சம் பெரிதாகிவிட்டதால், இடம் போதாமல் தொட்டிச் சுவரையே உள்சுவராக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் கல் இருக்கக் கூடாது. அங்கே நிஜத்திலேயே சுவர் இருக்கிறது. ஆனால் பழகிய கை நான்கு ஓரத்திலும் வாரிவிட்டது. சுவர் கட்டுமுன் சோதித்த அன்றைக்கும் வாரியது, இந்த மூன்று வாரமும் வாரியது. நானே வாரினேன் அண்ணி. அலையைத் தின்னும் கல்லைப் போட்டுவிட்டு, அலை ஏன் வரவில்லை என்று அழாத குறையாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்தக் கல்லை மட்டும் வாளி வாளியாக அள்ளினோம். படகுத்துறை இருக்கும் இடத்தில் ஒரு மரப்படகை மிதக்கவிட்டுத் தையல் நூலால் கட்டினேன். எந்திரத்தைப் போட்டோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மூலையில் தண்ணீர் மெதுவாக ஏறியது, இறங்கியது, இன்னும் கொஞ்சம் ஏறியது. மரப்படகு ஒரு சாண் முன்னே போனது, ஒரு சாண் பின்னே வந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நூல் அறுந்தது.

மேஸ்திரி, "என்னம்மா இது, யாரோ இழுத்துட்டுப் போற மாதிரி ஓடுது" என்றார். நான் தண்ணீருக்குள்ளேயே குதித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுப் பெரிய சார் வந்தார். நூலைப் பார்த்தார், அள்ளிக் கொட்டிய கல்லைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "மறுபடி கட்டு" என்றார். கட்டினேன், மறுபடி அறுந்தது. அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சுவர் கட்டலாம்னு அறிக்கையில கையெழுத்துப் போட்டது நான். இப்ப இந்த மாடலைத் திருத்தி, அறிக்கையை மறுபடி எழுதணும்" என்றார்.

அப்போது என் வாயில் வந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. "மாடலைத் திருத்த வேணாம் சார். துறைமுகத்தைத் திருத்துவோம். இங்க இருந்த கல்லை அங்க கொண்டுபோய்ப் போடுவோம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் தொட்டிக்குள் இறங்கிவிட்டார்.

விசாரணைக்கு அவரே நேரில் வருகிறார். படியோரத்தில் இன்னொரு கருவி வைக்கும்படி மேனேஜருக்குத் தந்தி மாதிரி சுருக்கமாக ஒரு கடிதம் போயிருக்கிறது. நன்றாகத் தூங்குங்கள்.

உங்கள் வாயாடி


ஏப்ரல் 15

என் தங்கமான நாத்தனாருக்கு,

நாங்கள் எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நேற்று விசாரணை நடந்தது. வாரியத்தார் ஐந்து பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேனேஜர் தன் நேர்கோட்டுத் தாளை முதலில் எடுத்து மேஜைமேல் விரித்தார். உங்கள் பெரிய சார் எழுந்து, போன வாரம் அதே கருவியும் படியோரத்துக் கருவியும் வரைந்த இரண்டு தாள்களை அதன் பக்கத்தில் வைத்தார். ஒரே நாள், ஒரே நேரம். ஒன்று கோடு. மற்றது மேடும் பள்ளமுமாக, தாள் முழுக்க ஒரே சீராகப் போகிறது. வாரியத் தலைவர் தன் விரலை அந்த மேடுகள்மேல் ஏற்றி இறக்கிக்கொண்டே போனார்.

தையல்காரர் கைத்தடியோடு வந்திருந்தார். அவர் என்ன சொல்வாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்தம்மா கயிறு கட்டறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். என் ஊசி நூலுக்குக்கூட நான் அவ்வளவு இறுக்கி முடிச்சுப் போட்டதில்ல" என்றார். அங்கேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மேனேஜர் விடவில்லை. ஆடத் தெரியாதவள் கதையை அங்கேயும் எடுத்தார். உங்கள் சார் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கூடம் கோணல்தாங்க. கோணலா கட்டச் சொன்னவன் நான். ஆடினவங்க சரியாத்தான் ஆடியிருக்காங்க." எத்தனை பேருக்கு அப்படிச் சொல்ல வாய் வரும்? உள்சுவரோரம் கல் சரிவு போடுவது பற்றியும் சொன்னார், வாரியம் ஒத்துக்கொண்டது. அது முடியும்வரை படகைத் துறைமுகத்தின் எதிர்ப்பக்கத்தில் கட்டவேண்டும்.

தலைவர் மேனேஜரைப் பார்த்து, "லைசென்ஸ் எங்க?" என்றார். இழுப்பறைச் சாவியைத் தேட அவருக்கு வெகுநேரம் ஆனது. கையில் கொடுக்கும்போது, "எனக்கு அப்பவே தெரியும் கேப்டன், இதுல வேற ஏதோ இருக்குன்னு" என்றார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

வீடு வந்ததும் உன் அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "நான் கையெழுத்துப் போடச் சொன்னேன்ல?" என்றார். "சொன்னீங்க" என்றேன். "நல்லவேளை, நீ என் பேச்சைக் கேக்கற வழக்கமே இல்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

நன்றி என்று எழுதினால் நீ கேலி செய்வாய். அதனால் எழுதவில்லை, எடுத்துக்கொள்.

உன் அண்ணி


ஜூன் 26

அன்புள்ள கேப்டன் அண்ணி,

நலம், நலமே நிறைய வரட்டும். கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கிற படம் பார்த்தேன். கூடத்தில் எல்லாருக்கும் காட்டியாயிற்று.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. மாடலில் என் கை நிறைய அள்ளிய கல், அங்கே ஆள் உயரப் பாறைகள். தொட்டியில் நடந்தது கடலில் அப்படியே நடக்கும் என்று கணக்கு சொல்கிறது. கணக்குக்கு வியர்க்காது, எனக்கு வியர்க்கிறது. நடக்காவிட்டால் மறுபடி உங்கள் கயிறுதான் அறும், மறுபடி உங்கள் தலைதான் உருளும். நீண்ட அலை வரும் நாளில் என்ன நடந்தது என்று உடனே எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, மறைக்காமல்.

உங்கள் வாயாடி


செப்டம்பர் 3

என் வாயாடிக்கு,

நாங்கள் நலம். இதைப் படித்து முடித்ததும் நீயும் நலமாகிவிடுவாய்.

போன மாதமே கல் சரிவு முடிந்து படகு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் கடல் சும்மாவே இருந்தது, எங்களைச் சோதித்துப் பார்க்கவில்லை. நேற்று வந்தது. எங்கோ தொலைவில் பெரிய புயல் என்று முந்தினநாள் ரேடியோவில் சொன்னார்கள். இங்கே காற்றில் ஒரு இலைகூட அசையவில்லை. காலையில் வெளிச்சுவர்மேல் ஏறிப் பார்த்தேன். வெளியே கடல் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்ந்தது. கயிறு அறுந்த அன்றைக்கும் இது இப்படித்தான் வந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

ஊரே படகுத்துறையில் கூடிவிட்டது. யாரும் ஏறவில்லை. எல்லார் கண்ணும் முன்கயிற்றில் இருந்தது. மேனேஜரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கயிற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அறுந்தால் என்மேல் அடிக்கட்டும் என்று ஒரு வீம்பு. உன் அண்ணன் பின்னாலிருந்து, "தள்ளி உக்காரு, தள்ளி உக்காரு" என்று முனகிக்கொண்டே இருந்தார். நான் நகரவில்லை.

கயிறு ஒருமுறை லேசாக இழுபட்டது. பிறகு தொய்ந்தது. அப்புறம் தொய்ந்தபடியே கிடந்தது. மணிக்கணக்கில் அப்படியே கிடந்தது. கடைசியில் தையல்காரர்தான், "நல்லாத் தொங்குது. துணி காயப்போடலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகப் படகில் ஏறினார்கள்.

நான் சக்கரத்தைப் பிடித்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அதை உன்னிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. துறைமுக வாயைத் தாண்டியதும் அந்த நீண்ட அலை எதிரே வந்தது. படகை மொத்தமாகத் தூக்கி, மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, எங்களைக் கடந்து துறைமுகத்துக்குள் போனது. எஞ்சினைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். உள்ளே போனது தெரிந்தது. உள்சுவரின் பாறைகளில் வெள்ளையாக ஒரு கோடு ஏறி மறைந்தது. நான் காத்துக்கொண்டிருந்தேன். அது திரும்பி வரவில்லை.

நான் ஒருத்தியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். பயணிகள் என்ன நினைத்துக்கொண்டார்களோ தெரியாது, கவலையும் இல்லை. ஜெயித்துவிட்டோமடி.

உன் அண்ணி,
கேப்டன்